நாலு பெண் தவளைகள்

இன்று ஆய்வுகூட அலுமாரியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. பின்வரிசையில் உன் போத்தல். அதற்குள் பெருவிரல் நகமளவில் இரண்டு தவளைகள், நிறமெல்லாம் போய் வெளிறிக் கிடக்கின்றன. ஒன்றின் காலில் மடுல்கெல்ல என்று அது பிடிபட்ட மலையின் பெயர்ச் சீட்டு, மற்றதில் ஹுன்னஸ்கிரிய. இரண்டும் உன் கையெழுத்து. சீட்டைக் கழற்றிவிட்டால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. அவை உயிரோடு இருந்தபோது நீ கண்ணை மூடிக்கொண்டு, குரலை வைத்தே சொன்னாய்.

அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. ஒரே பேராசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள் நாம். பிலிமத்தலாவைக் கடைக்காரர் மகள் நான், டியூஷனிலேயே வளர்ந்தவள். நீ மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வந்தாய். மூன்று மாதம் தலை, தொடை, விரல் என்று ஒவ்வொன்றாய் அளந்து, இரு மலைகளிலும் இருப்பது ஒரே இனம் என்று நான் எழுதி முடித்திருந்தேன். நீ ஒரு மாலை ஹுன்னஸ்கிரியவுக்கு வந்து, ஒரு நிமிடம் நின்று தவளைக் குரலைக் கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

"என்னடி, கேக்கலையா? எங்க மலையில உள்ளது கடைசித் தட்ட கொஞ்சம் இழுக்கும். இது வெடுக்குன்னு நிப்பாட்டுது."

எனக்கு இரண்டும் ஒரே டக் டக்தான்.

"பாக்க ஒண்ணா இருந்தா ஒரே இனமாகிருமா? ஒண்ணோட ஒண்ணு சேருதான்னு பாரு" என்பாய். ஒரு காலத்தில் குளிர்ந்த காடு நடுவிலிருக்கும் பள்ளத்தாக்கையும் மூடியிருந்தது. பள்ளம் சூடானபோது தவளைகள் இரு உச்சிகளிலும் ஒதுங்கிவிட்டன. பல தலைமுறையாகத் தன் பக்கத்துக் குரலையே கேட்ட பெண் தவளைக்கு அடுத்த மலைக் குரல் அந்நியமாகிப் போனது. இது உன் கணக்கு. அது சரியானால் ஒரு புது இனம் உன்னுடையது. நோட்டில் அதற்குப் பெயரும் எழுதி வைத்திருந்தாய்.

சோதிக்கும் நாளில் உன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நீ ஊருக்குப் போய்விட்டாய். மழை விட்டதும் நான் தனியாக ஹுன்னஸ்கிரிய ஏறினேன். நீ பதிவுசெய்த குரல்களை, ஒன்றில் அந்த மலையுடையது, மற்றதில் உன் மலையுடையது என்று இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, நடுவே ஒரு பெண் தவளையை விட்டேன். சொந்த மலைக் குரலை நோக்கித் தாவியது. மடுல்கெல்லக் குரலுக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாலு தவளைகளை விட்டுப் பார்த்தேன். நாலும் அப்படியே.

தாளில் நான் எழுதினேன்: "இரண்டு பக்கமும் போயின. ஒரே இனம்."

நீ என்னைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டிருக்கலாம். "நீ பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றாய். நோட்டில் அந்தப் பெயரை ஒரே கோட்டில் அடித்தாய். பிறகு, மலை ஏறிக் களைத்திருப்பேன் என்று எனக்கு ஒரு பிளேன் டீ வாங்கித் தந்தாய். அதைக் குடித்தேன். அடுத்த வருடமே டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் அதே ஸ்பீக்கர்களோடு மறுபடி போனேன். இந்தத் தடவையும் சொந்த மலைக் குரலுக்கே தாவின. மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இனி உன் தாள் எதையும் நான் நம்ப முடியாதும்மா" என்றார். சரிதான். அந்த இனம் இனி நீ வைத்த பெயரிலேயே வெளிவரும். அதன் பின்னால், வழக்கப்படி, பெயரிட்டவள் என்று உன் பெயர் நிற்கும். நான் இதைச் சந்தோசத்தோடு செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. எழுதும்போதே எரிகிறது.

உன் ஒலிப்பதிவுகளை இப்போது என்னோடே வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போதும் மாறி மாறிக் கேட்கிறேன். இன்னும் டக் டக்தான். அந்த நாலு தவளைகளுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லையடி. இப்போது அவற்றின்மேலும் எனக்குப் பொறாமை.