லூசியா அனுப்பிய எண்கள்

பெங்களூர்,
8-2-1998

என் அன்பு லூசியாவுக்கு,

நலம். இந்த ஊர் மெஸ்ஸில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள். மற்றபடி குறை இல்லை.

பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க நான் கண்டுபிடித்த வழி ஓடுகிறது! யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் கணித நிரல் தொகுப்பு ஒன்று உண்டு, லைப்ரரி என்பார்கள். அதில் இப்போது உள்ளதைவிட என்னுடையது வேகம். என் நண்பன் குருநாதனின் ஆய்வகத்திலிருந்து அந்த லைப்ரரிக்காரர்களுக்கு ஈமெயில் அனுப்பப் போகிறேன். ஏற்றுக்கொண்டால் இந்த ஆய்வகத்திலேயே எனக்கு வேலை. உன்னையும் நம் பெண் வின்சியையும் அழைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் நான் ஒழிந்தேன்.

சோதித்துப் பார்க்க நானே எண்ணைத் தேர்ந்தெடுத்தால் என்னையே ஏமாற்றிக்கொள்வேன். பள்ளியிலிருந்து நான் எடுத்துவந்த பகா எண் அட்டவணைப் புத்தகத்திலிருந்து நீ இரண்டிரண்டாக எடுத்துப் பெருக்கி, விடையை மட்டும் அனுப்பு.

உன்,
ஞானசேகர்

காரைக்குடி,
19-2-1998
சேசுவுக்கே புகழ்

அன்புள்ள அத்தானுக்கு,

எண்கள் இத்துடன். பெருக்கிப் பெருக்கி விரல் வலிக்கிறது. சோறு குழைந்துபோய் வின்சியிடம் திட்டும் வாங்கினேன்.

பள்ளிக்கூடத்து முத்துவீரன் வந்திருந்தார். "சார் லீவு மே மாசத்தோட முடியுதும்மா. ஜூன்ல வாராகளா, இல்ல வேற வாத்தியாரப் போடவான்னு கேட்டுவரச் சொன்னாக" என்றார். நான் என்ன சொல்ல? போன கடிதத்திலும் இதையே கேட்டேன். நீங்கள் சாம்பாரைப் பற்றி எழுதுகிறீர்கள்.

அன்புடன்,
லூசியா

பெங்களூர்,
26-5-1998

லூசியா,

பதில் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால்தான் என் வழி ஓடுமாம். தள்ளியிருக்கும் இரண்டைப் பெருக்கி ஓர் எண் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் நாள் முழுக்கத் திணறியும் விடை வரவில்லை. என் சூட்சுமம் முந்நூறு வருஷப் பழசாம். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

நீ அனுப்பியவை எல்லாமே பக்கத்துப் பக்கத்து எண்களிலிருந்து வந்தவை! ஏன் அப்படிச் செய்தாய்? என்னைக் குழியில் தள்ளிவிட்டாயே. இப்போதாவது தள்ளித் தள்ளி எடுத்து அனுப்பு. எப்படியாவது திருத்திவிடுவேன். பள்ளிக்கு எழுத இன்னும் கை வரவில்லை. தோற்றுப்போய் எந்த முகத்தோடு அங்கே வருவேன்?

ஞானசேகர்

காரைக்குடி,
9-6-1998
சேசுவுக்கே புகழ்

அன்புள்ள அத்தானுக்கு,

ஆமாம், அட்டவணையில் அடுத்தடுத்து நின்ற இரண்டைத்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். நீங்கள் அங்கேயும் நான் இங்கேயும் கிடக்கிறோம். ஒன்றை முதல் பக்கத்திலும் மற்றதைக் கடைசிப் பக்கத்திலும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பிரித்த எண்கள் உங்கள் கண் முன்னால்தானே கிடந்தன? எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்தீர்கள். என்ன வந்தது என்று பார்க்கவில்லை. பழியை என் மேல் போடாதீர்கள். அழுகை வருகிறது.

இனி எண் அனுப்ப மாட்டேன். புத்தகத்தைப் பள்ளியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், உங்கள் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். வின்சிதான் ஓடிவந்து சொன்னாள்: "அப்பா நாற்காலியில வேற சார் உக்காந்திருக்காக!" பிறகு அவள் சாப்பிடவில்லை.

அங்கேயும் ஒன்றும் இல்லை, இங்கேயும் ஒன்றும் இல்லை. எந்த முகத்தோடு வருவேன் என்கிறீர்கள். கதவைத் திறக்கப்போவது லைப்ரரிக்காரர்களா, பள்ளிக்கூடத்துக்காரர்களா? நான்தானே. எந்த முகமாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்.

உங்கள்,
லூசியா