கிஷாந்தின் சாப்பாட்டு விபரம்

மாரியம்மன் துணை
அக்கரப்பத்தனை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மதுரனுக்கு,

நீயும் மருமகளும் அந்த மெல்பர்ன் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்குத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் "அம்மா, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று நீ என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் கையால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

கிஷாந்த் பிழைத்துக்கொண்டான். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான், உதட்டு வீக்கம் வடிந்து, கஞ்சி குடிக்கிறானாம். தோட்டத்துப் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வெள்ளிக்கிழமை முட்டை கொடுக்கிற நாள். அவனுக்கு முட்டை ஆகாது என்பது எனக்கும் பழைய ஆயா ராசம்மாவுக்கும் மனப்பாடம், ஆனால் நான் நுவரெலியாவில் கூட்டத்தில் இருந்தேன், ராசம்மா லீவு. புதிதாகச் சேர்ந்த ஏஞ்சலா, கம்ப்யூட்டர் எடுத்துத் தந்த சாப்பாட்டுத் தாளைப் பார்த்து, அதில் இருந்தபடி கொடுத்திருக்கிறாள். பிள்ளை மூச்சுக்குத் திணறியதும் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து அவனைப் பெற்ற கிருஷாந்தி கூடையோடு ஓடி வந்தாளாம்.

தப்பு எங்கே என்று நேற்று உட்கார்ந்து பார்த்துவிட்டேன் மகன். அந்தச் சாப்பாட்டுத் தாள் புரோகிராமை ஜாவா மொழியில் எழுதும்போது கிஷாந்தையும் நிஷாந்தையும் தனித்தனிப் பிள்ளைகளாகத்தான் உருவாக்கினேன். ஆனால் இரட்டைப் பிள்ளைகள், ஒரே லயத்து வீடு, ஒரே தாய் தகப்பன், எதைக் கொடுத்தாலும் ரெண்டு பேருக்கும் ஒன்றுபோலக் கொடுக்கச் சொல்லும் கிருஷாந்தி. அதனால் பெரியவன் கிஷாந்துடைய சாப்பாட்டு விபரத்தை அப்படியே எடுத்துச் சின்னவன் நிஷாந்துக்கும் போட்டேன், பிறகு சின்னவனுக்கு முட்டைத் தடையை மட்டும் எடுத்துவிட்டேன். கொட்டகலையில் உயர்தரம் படித்த காலத்தில் நான் எழுதிய பாஸ்கல் மொழியில் இப்படிப் போட்டால் நகல் விழும், இவனுக்கு மாற்றினால் அவனைத் தொடாது. ஜாவாவில் நகல் விழவில்லை, ஒரே விபரத்தை ரெண்டு பிள்ளைகளும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், சின்னவனுக்கு எடுத்த தடை பெரியவனுக்கும் போய்விட்டது. நிஷாந்துக்கு முட்டை வந்ததா என்று பார்த்தேன், வந்தது, சந்தோஷமாக மூடிவிட்டேன். கிஷாந்தைத் திறந்து பார்க்கவே இல்லை. நீயும் அன்று "சூப்பர் அம்மா" என்றாய், நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

நேற்று நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க, நான் இங்கேருந்தே கம்ப்யூட்டருக்குள்ள போயி சரி பண்ணிடுறேன், அந்த ஏஞ்சலாப் புள்ள தாளைத் தப்பாப் படிச்சிருச்சுன்னு இருக்கட்டும்" என்றாயே. அம்மாவுக்கு வேலை போய்விடக்கூடாது என்ற பயத்தில் சொன்னாய், தெரியும். ஆனால் நாளைக்குத் தோட்டத்து மேனேஜர் பெரிய துரை ஏஞ்சலாவைக் கூப்பிட்டிருக்கிறார், வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அவள் பார்த்த தாளை அந்த அவசரத்தில் யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். நேற்று கோயில் முன்னால் அவளைப் பார்த்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் என்னிடம் வந்து, "டீச்சர், நான் சரியாத்தான் படிச்சேன், நீங்களாவது நம்புங்க" என்று அழுதாள். அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது மகன்.

நாளைக் காலையில் ஆபிசுக்குப் போய், துரைக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து, இருக்கிறபடியே காட்டப் போகிறேன். அதன் பிறகு கிருஷாந்தியிடம் போவேன், அவள் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அப்பாவிடம் சொன்னேன், "போயிட்டு வா, நானும் வாறேன்" என்றார். பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை, திங்கட்கிழமையிலிருந்து தாளை எடுக்காமல் ராசம்மாவை வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் இந்தக் கோபத்தைக் காட்டாதே. அம்மன் உங்கள் ரெண்டு பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயந்தினி

மறந்துவிடாதே: இப்போது நீ கம்ப்யூட்டரில் உள்ள அந்தத் தப்பைச் சரி செய்தால் ஏஞ்சலாவுக்குச் சாட்சி இல்லாமல் போகும். நீ நல்ல பிள்ளைதான், செய்யமாட்டாய். ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.