என் பேரில் கிடந்த உன் கடன்

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அதைவிட நன்றாகவே இருக்கவேண்டும். கையில் போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்து விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம், உட்கார்ந்து முழுசாகப் படி. மாடி வீட்டுக்காரர்கள் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் ஊறிப்போயிருந்தது, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம், கடைசியில் சின்னவளே மேலே போய்ச் சண்டை போட்டுச் சரிசெய்ய வைத்தாள். ஓட்டல் சலவைப் பிரிவில் புது மெஷின் வந்திருக்கிறது, படுக்கை விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மடித்தே தள்ளுகிறது, அதைக் காட்டி எங்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தப்பித்தேன், தலையணை உறைக்கு இன்னும் மனுஷக் கை வேண்டியிருக்கிறது.

இனி உன் விஷயம். நீ கூட்டாளியோடு சேர்ந்து பார்சல் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொழில் தொடங்கினபோது வேனுக்குக் கடன் வாங்கினாய், ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். பையன் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்டவேண்டும் என்று அன்றைக்கு வங்கிக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார், நீ சிரித்தாய். "சும்மா பேருக்குத்தாம்மா" என்றாய். கடைசியில் என் பேருக்குத்தான் வந்து விடிந்தது. தொழில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை, கூட்டாளி கழன்றுகொண்டான், வேனை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள், ஏலத்தில் வந்தது போக மீதி அப்படியே நின்றது. நீ வெளிநாட்டு வேலை கிடைத்து விமானம் ஏறினாய். முதல் சம்பளத்திலிருந்தே கட்டிவிடுவேன் என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னாய், நாங்களும் நீ கட்டிக்கொண்டிருக்கிறாய் என்றே நிம்மதியாக இருந்தோம். வங்கித் தபால் எல்லாம் உன் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது, எங்களுக்கு எப்படித் தெரியும்.

சின்னவளுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற படிப்பில் இடம் கிடைத்தபோதுதான் குட்டு உடைந்தது. கல்விக் கடனுக்குப் பெற்றவர்களில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும், சம்பளத்தில் இருப்பவள் நான், அதனால் நான் போனேன். வங்கியில் இருந்த இளவட்டம் ஒருவன் என் விவரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். பிறகு, "உங்க பேர்ல ஒரு கடன் கெட்டுப்போய்க் கிடக்கும்மா, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் கடனே வாங்கினதில்லை என்று அவனோடு மல்லுக்கு நின்றேன், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவள்தான் என் முழங்கையைத் தொட்டு, வாம்மா போகலாம், அது அண்ணன் வேன் என்றாள். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பணம் கட்டுவதற்கான கெடு முடிந்தது, இடம் வேறொருத்திக்குப் போனது. இவள் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும், அவள் திட்டவில்லை.

உடனே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா. அடுத்த மாதம் கண்டிப்பாக என்றாய். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னாய். அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டாய், மருமகள் எடுத்து ஒவ்வொரு தடவையும் நீ குளிப்பதாகச் சொன்னாள், அவ்வளவு குளித்தவனை நான் பார்த்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் இருவரும் ஏதோ ஏரிக்கரையில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற படத்தைச் சின்னவள் காட்டினாள். நல்ல கோட்டு. உன் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் பார், அந்த என் மனசை நினைத்தால்தான் எனக்கே ஆத்திரம் வருகிறது.

பிறகு வசூல்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் வரமாட்டார்கள், வெளிக்கதவு அருகே நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்பா முதல் தடவை வெளியே போய், அவன் அனுப்புவான், என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். அடுத்த தடவை அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, உள்ளேயே இருந்துவிட்டார். சாயங்காலம் நடக்கப் போவதையும் விட்டார். ஓட்டலுக்கும் போன் செய்தார்கள். மேற்பார்வைக்காரி என்னை மேஜைக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஆள்களை இங்கே பேசவிடாதே என்று எல்லாப் பெண்களுக்கும் முன்னால் சொன்னாள். நான் போய் மறுபடி இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தேன், கவனம் தப்பி ஒரு உறையைக் கருக்கினேன், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள்.

கெட்டுப்போன பேரைச் சுத்தமாக்கித் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்து அங்கேயும் ஓடினேன். செல்போன் கடைக்கு மேல்மாடி, கண்ணாடிக் கதவு, சில்லென்று ஏசி. வங்கிக்குள்ளேயே எங்களுக்கு ஆள் இருக்கிறது, பழைய பதிவையே அழித்துவிடுவோம் என்று வழுக்கைத்தலைக்காரன் ஒருவன் தேனாகப் பேசினான். என் கம்மலை விற்று முன்பணம் கொடுத்தேன். மறுபடி போய்ப் பார்த்தபோது அங்கே அழகு நிலையம் இருந்தது, உள்ளே வாங்க, முடி வெட்டணுமா என்று கேட்டார்கள். மொட்டையே அடித்தாயிற்று, இனி வெட்ட என்ன இருக்கிறது என்று சொல்ல நினைத்துத் திரும்பினேன். படியில் உட்கார்ந்து அழுதேன். உனக்காக இல்லை, அவனுக்காகவும் இல்லை, இந்த வயதில் இப்படி ஏமாந்தேனே என்றுதான்.

அதற்கப்புறம் யாரையும் நம்பவில்லை, நாங்களே செய்தோம். நம்முடைய கடன் அறிக்கையை நாமே காசில்லாமல் வாங்கிப் பார்க்கலாம் என்று சின்னவள் கண்டுபிடித்து வாங்கினாள். படித்தால், வேன் ஏலத்தில் போன பணத்தை வங்கிக்காரர்கள் கழிக்கவே இல்லை, முழுக் கடனும் நிற்பதாக எழுதியிருந்தது. ஏல ரசீதை வைத்து எழுதிப் போட்டோம், பதில் இல்லை, மறுபடி எழுதினோம், மேலிடத்துக்கு எழுதினோம், கடைசியில் திருத்தினார்கள். மீதி குறைந்ததே தவிர ஒழியவில்லை. வங்கியில் ஒரு மூத்த பெண் அதிகாரி, பாதியைக் கட்டினால் விட்டுவிடுவோம், ஆனால் பேரம் பேசி முடித்த கடன் என்று உங்கள் பேரில் பல வருஷம் நிற்கும், முழுதும் கட்டினால்தான் கணக்கு முடிந்தது என்று எழுதுவோம் என்று உடைத்துச் சொன்னாள். பாதி என்றதும் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாதியைக் கட்டிவிட்டால் சின்னவளின் படிப்புக்குக் கையெழுத்துப் போட நான் லாயக்கில்லாதவளாகவே இருப்பேன். அபராத வட்டியையாவது தள்ளுங்கள் என்று அந்த அம்மாவிடம் நடையாய் நடந்தேன், அவளும் மேலே பேசித் தள்ளிக் கொடுத்தாள், முழுதும் கட்டுவதாக மாதத் தவணை போட்டோம்.

எப்படிக் கட்டினோம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஓட்டலில் வேலை முடிந்ததும் தையல்கடை ஒன்றில் தைத்த துணிக்கு இஸ்திரி போட்டேன். நீ விட்டுப்போன ஸ்கூட்டரை விற்றேன், அதைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனாய், தொட்டேன். சின்னவள் மருந்துக்கடைச் சம்பளத்தில் மாதாமாதம் பாதியைக் கொடுத்தாள். யாருடைய கடனால் அவள் படிப்பு நின்றதோ அந்தக் கடனை அவளே அடைத்தாள், இதை நீ ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார். கெட்ட பேர் மாறினால் போதாது, நல்ல பேர் சேரவேண்டும் என்றார்கள், அதற்காகக் கொஞ்சம் பணம் டெபாசிட் போட்டு அதன்மேல் ஒரு சின்ன கிரெடிட் கார்டு வாங்கி, பாலுக்கும் கேஸுக்கும் மட்டும் அதைத் தேய்த்து, கெடுவுக்கு முன்னாலேயே கட்டிக்கொண்டு வந்தோம். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. கடன் முடிந்தது என்று சான்று கையில் கிடைத்த அன்றைக்கு ஆனந்தக் கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது. மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

போன வாரம் நீயாகவே கூப்பிட்டாய். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேலே நீ பேசப் பேசத்தான் விளங்கியது. சின்னவள் மருமகளிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது உன் காதுக்கு வந்திருக்கிறது. "இப்ப உன் கிரெடிட் ஸ்கோர் நல்லாயிருக்காமே. நம்ம ஊர்ல ஒரு பிளாட் பாத்திருக்கேம்மா, நீயும் சேந்து கையெழுத்துப் போட்டா கடன் உடனே கிடைச்சிடும்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, உன்னிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய், அதனால் அப்படிச் சொன்னேன். பழைய கடன் எப்படி முடிந்தது, யார் கட்டியது என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வருமா என்று கடைசி வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

போடமாட்டேன். உன் வீட்டுக்கும் இல்லை, இனி நீ எதற்குக் கேட்டாலும் இல்லை. செவ்வாய்க்கிழமை சின்னவளின் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மறுபடி பரீட்சை எழுதி இடம் வாங்கியிருக்கிறாள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் அவளைவிடச் சின்னவர்கள், அக்கா அக்கா என்கிறார்களாம், அதைச் சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கொடூரமானவன் இல்லை என்று எனக்குத் தெரியும். நாம் கட்டாவிட்டால் அம்மா கட்டுவாள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது, அதனால் உனக்குத் தூக்கம் வந்தது. இனி அந்த அம்மா இல்லை என்று வைத்துக்கொள். உன் பேரை நீயே சம்பாதித்துக்கொள், கஷ்டம்தான், முடியாத காரியமில்லை, நான் செய்து பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு காசு வேண்டாம். சின்னவள் கொடுத்த பாதிச் சம்பளம் அத்தனையும் அவளுக்கு வந்து சேரவேண்டும், சிறுகச் சிறுக அனுப்பினாலும் சரி. ஒரு மாதம் முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல், அடுத்த மாதம் என்று மட்டும் சொல்லாதே.

குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், மார்பில் சளி கட்டவிடாதே. நீயும் மருமகளும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நீண்ட காலம் நன்றாயிருக்கவேண்டும், இதை மனசாரத்தான் எழுதுகிறேன், கோபத்தில் இருப்பவள் வாழ்த்தமாட்டாள் என்று நினைக்காதே. நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்பா பக்கத்தில் வந்து நின்றார். இந்த வயதில் அந்த முழங்காலோடு மறுபடி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், தவணை தொடங்கின மாதத்திலிருந்து, கடன் முடிந்தும் நிறுத்தவில்லை, சின்னவளின் பஸ் செலவுக்கு ஆகும் என்கிறார். "நான் வண்டி ஓட்டறத அவனுக்கு எழுதாத, பாவம், மனசு கஷ்டப்படுவான்" என்றார். சரி என்று தலையாட்டினேன். இப்போது அவர் தூங்குகிறார், நான் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா