பிரிட்ஜுக்கு மாட்டிய உறை

12 மே 2009, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் சுடுகிறது. குரோம்பேட்டைக் கடைக்கு அனுப்ப வேண்டிய புகார், வரைவு:

1. ஏப். 25: மாடியறை இணையத்தைக் கம்பியின்றிக் கூடத்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் வயர்லெஸ் பிரிட்ஜ் வாங்கப்பட்டது. நம்பகமானது எனக் கடைக்காரர் உறுதியளித்தார்.
2. மே 3: படம் பார்க்கையில் இருமுறை துண்டிப்பு. கருவியைத் தொட்டால் சுட்டது.
3. மே 10: சிட்னியில் பேத்திக்குப் பெயர் சூட்டல், காமிரா வழியாக நேரலை. மகள் குழந்தையின் காதருகே குனிந்த நொடியில் படம் நின்றது. நாற்பது நிமிடம் மீளவில்லை.
4. மே 11: கேட்டதற்குக் கடைக்காரரின் பதில்: "வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்."

கால் முறியாதிருந்தால் என் மனைவி வசந்தா அன்று சிட்னியில் இருந்திருப்பாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அசையாத படத்தின் முன் அந்த நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். பேத்தியின் பெயர் பிறகு தொலைபேசியில்தான் தெரிந்தது.

"நான்தான் ரிமோட்ல எதையோ அமுக்கிட்டேங்க" என்றாள் அன்றே.

இருக்கலாம் என்றேன்.

13 மே, புதன்

புழுக்கம். செம்பாக்கம் ஏரிப்பக்கமிருந்தும் காற்றில்லை. பால் பாக்கெட் இரண்டு. மாத்திரை.

மாற்றுக் கருவிகள் இரண்டின் விவரத்தாள்களை ஒப்பிட்டேன். ஒன்று விலை குறைவு, உத்தரவாதம் ஆறு மாதம். மற்றதற்கு இரண்டு ஆண்டு. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். எதற்கு இத்தனை துளை, தூசி போகவா என்று ஓரத்தில் குறித்தேன்.

பதினொரு மணிக்குக் கடையிலிருந்து டெக்னீஷியன் மூர்த்தி வந்தார். என் வயதிருக்கும். பிரிட்ஜைக் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், இதுக்கும் சட்டை மாட்டி வெச்சிகீறீங்க? சூடு எங்க போவும்? அதான் மயக்கம் போட்டுகீது."

கடையிலிருந்து கருவியைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைதான் அது. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியவன் நான். எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை, தொலைபேசிக்கு உறை, பிரிட்ஜை வாங்கிய அன்றே அதற்கும். புதுப்பொருள் புதிதாகவே இருக்க வேண்டும் என்பது இருபத்தாறு ஆண்டுகளாக என் சட்டம். வசந்தாவுடையதல்ல.

காற்றுத் துளைகள் நம் கருவியின் அடியிலும் இருந்தன.

வசந்தா உள்ளறையில் படுத்திருந்தாள். மூர்த்தியைக் குரலைத் தணித்துப் பேசச் சொன்னேன். அவர் உறையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

14 மே, வியாழன்

மழை வருவதுபோல் இருட்டி, வரவில்லை.

உறையின்றி ஐந்து மணி நேரம். ஒரு துண்டிப்பும் இல்லை. வாங்கியது நம்பகமான கருவிதான், வேறு தேவையில்லை. விவரத்தாள்கள் குப்பைக்கு.

மாலையில் மகள் அழைத்தாள். ரிமோட்டை வசந்தாவிடம் நீட்டினேன். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே போடுங்க. நான் தொட்டா மறுபடியும் ஏதாவது ஆயிடும்."

போட்டேன். திரையில் குழந்தை கொட்டாவி விட்டது. வசந்தா சிரித்தாள். கை வெளியே வரவில்லை.

புகாரை எடுத்துக் கடையின் பெயரை அடித்தேன். அந்த இடத்தில் என் பெயர். முதல் வரியும் நான்காவதும் நீக்கம். சேர்க்கை:

5. மே 10: குற்றமற்றவர் தன்மேல் பழி போட்டுக்கொண்டபோது, 'இருக்கலாம்' என்றது.
6. மே 13: உண்மை தெரிந்தபின், அதைச் சொல்ல வந்தவரின் குரலைத் தணிக்கச் சொன்னது.

மேற்கண்டவற்றுக்கு எழுத்துமூலம் பதில் தேவை. வாய்மொழி விளக்கம் ஏற்கப்படாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், வசந்தாவின் கையில்.