துலக்கி வைத்த செம்புத் தகடு

அத்தைக்கு, மருமகள் கும்பிட்டு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் பெருக்கித் துடைக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கூத்து. நகமளவு செம்புத் தகடு கறுத்துக் கிடந்ததைப் பளபளவென்று துலக்கி வைத்துவிட்டேன். அந்தக் கறுப்புதான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண்ணின் எட்டு மாத உழைப்பாம். கண்ணுக்குத் தெரியாத செம்புத்துகளாம், கரியமில வாயுவை எரிபொருளாக மாற்றுமாம். கிணறு தூர்வாரப் போன உங்கள் பிள்ளையை மூச்சடைத்துக் கொன்ற அதே காற்று, அத்தை.

"நல்ல தகட்டை எங்கயோ போட்டுட்டேன்கா, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று, நான் துலக்கியதை வேறு புதுத் தகடு என்று நினைத்து இரண்டு நாளாகத் தேடுகிறாள். வெட்கங்கெட்டு நானும் கூடவே தேடுகிறேன்.

அவர் சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அவள் வந்துவிட்டாள். போய்ச் சொல்லிவிடுகிறேன், அத்தை.