என் எடையில் தண்ணீரைக் கழிக்க நீ யார்?

அன்புள்ள சானா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாயும் நலம். மூவரில் நான் எவ்வளவு நலம் என்பதில் மட்டும் ஊருக்குள் இரண்டு கட்சி இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நியூசிலாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா, அந்தச் சிவப்புக் கம்பளித் தொப்பியைத் தொலைக்காமல் வைத்திருக்கிறாயா? இங்கே ஜூலை. ராத்திரி ஆகியும் சூரியன் இறங்க மனமில்லாமல் ஏரிமேல் உட்கார்ந்திருக்கிறது, கொசு ஒவ்வொன்றும் கோழி அளவு. போன மாதம் வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு ஆகஸ்டில் வந்துவிடுகிறேன் என்று அழுதாயே, அந்த டிக்கெட்டை முதலில் ரத்து செய். செய்துவிட்டு வந்து மீதியைப் படி. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

முகம் வீங்கியிருந்தது உண்மைதான், நான் மறைக்கவில்லை. காலையில் எழுந்தால் கண்ணிமை இரண்டும் புளித்த மாவு மாதிரி உப்பியிருக்கும், கல்யாண மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றி வைத்தாயிற்று. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும், உன் அப்பா அதைப் பார்த்து இதிலே முட்டையை நிறுத்தலாம் போலிருக்கே என்றார். சிறுநீரகம் வேலையை விட்டு நின்றபிறகு உள்ளே போகிற தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது, வாரம் மூன்று தரம் டயாலிசிஸ் மெஷின் உறிஞ்சினால்தான் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீரும் தேங்காத என் சொந்த எடையை டாக்டரம்மா உலர் எடை என்கிறார், ஏதோ கருவாட்டைச் சொல்வது மாதிரி. அந்தக் கருவாடு வசந்தத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ கூடுதலாகப் போய் நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, ஜன்னலோரம் இருக்கிற சாய்வு நாற்காலியிலேயே தூங்கினேன். உடனே எல்லாருக்கும் ஒரே முடிவு, தூலா திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாள். டாக்டரம்மா நாகரிகமாகச் சந்தேகப்பட்டார். உன் அப்பா சவுனா நீராவி அறைக்குள் இருந்த வாளியைக்கூடத் தூக்கி ஒளித்து வைத்தார், கல்லின்மேல் ஊற்றுகிற தண்ணீரை நான் அள்ளிக் குடித்துவிடுவேனாம். நீயும் அங்கிருந்து, அம்மா உண்மையைச் சொல்லு என்று எழுதினாய். அதுதான் கொஞ்சம் வலித்தது கண்ணு. நான் நாற்பது வருஷமாக ஊரைப் பற்றிப் பொய் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு வாய் கூடப் பொய் இல்லை. காபியைக்கூட முட்டை வைக்கிற கிண்ணத்தில்தான் குடித்தேன், காபிப் பைத்தியம் பிடித்த நம் ஊரில் ஒருத்தி அப்படிக் குடித்ததற்கே சிலை வைக்க வேண்டும்.

இதற்கு நடுவில்தான் நம் ஊர்ப் பெண்டாட்டி தூக்கும் பந்தயம் வந்தது. போன வருஷம் வைக்கோல் கட்டைத் தாண்டும்போது உன் அப்பா என்னைப் போட்டுவிட்டு ஓடினாரே, ஓடி முடித்தபிறகுதான் முதுகில் ஆள் இல்லை என்று தெரிந்ததே, அந்த மானத்தை இந்த வருஷம் மீட்டே ஆகவேண்டும் என்று நான் குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். காலில் இருக்கிற தண்ணீர் நுரையீரலுக்கு ஏறினால் இதயம் தாங்காது, வீக்கம் வடியாமல் பந்தயம் என்ற பேச்சே வேண்டாம் என்றார். பந்தயத்துக்கு முன் வருகிற தடவைகளில் இரண்டு கிலோவுக்குள் கூடி வந்தால் யோசிப்பாராம், அதுவும் மற்றப் பெண்டாட்டிகள் மாதிரி முதுகில் தலைகீழாகத் தொங்கக் கூடாது, உப்புமூட்டை மட்டும்தான், ஊசி குத்துகிற கையில் பந்தயக் குழித் தண்ணீர் படக்கூடாது. கேட்டுக்கொண்டு வந்தேன். வெளியே வந்தால் பந்தயத் தலைவர் பெர்த்தி, நம் பால் பண்ணைப் பெர்த்திதான், கடை வாசலில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தார். ஜெயிக்கிறவனுக்குப் பெண்டாட்டி எடைக்கு எடை பீர் கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அதில் அவருக்குக் கவலை வந்துவிட்டது. "தூலா, தப்பா நினைக்காதே, ஆனா உன் எடையில ஆஸ்பத்திரித் தண்ணியும் சேர்ந்திருக்கு. அதைக் கழிச்சிட்டுத்தான் பீர்" என்றார். "உம் பொண்டாட்டி தராசு ஏறினப்போ அவ தின்ன ஏலக்காய் பன்னையெல்லாம் கழிச்சியா பெர்த்தி? என் தண்ணியும் என் உடம்புதான். நான் தூக்கிச் சுமக்கிறேன், நீ கழிக்காதே" என்றேன். உன் அப்பா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே சிரித்தார்.

வீறாப்பாகப் பேசிவிட்டேன், அடுத்த தடவை மெஷினுக்குப் போனால் மறுபடியும் நாலு கிலோ. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது, தூக்கத்தில் நடந்து போய் ஏரியைக் குடிக்கிறேனோ என்று. அன்றைக்கு ஊசி குத்த வந்தவர் நர்ஸ் யோர்மா, தாடிக்காரர், அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், மூன்றாவது கல்யாணம் நடக்கப் போகிறது, பெண் பல் டாக்டராம். அதை விசாரித்துக்கொண்டே என் பையிலிருந்து கறுப்பு மிட்டாய்ப் பாக்கெட்டை நீட்டினேன். அவரும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெஷினைத் திருகினார். திருகிய கை நின்றது. "இதையா சப்புறீங்க?" என்றார். "நீங்கதானே வாய் காய்ஞ்சா மிட்டாய் சப்பச் சொன்னீங்க" என்றேன். "எலுமிச்சை மிட்டாய் தூலா! இது சல்மியாக்கி, முழுக்க உப்பு!" ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். பாக்கெட் சின்னதுதான் என்றேன்.

நீயே சொல்லு, நம் நாட்டில் மிட்டாய் என்றால் வேறென்ன வாங்கத் தோன்றும்? வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்துத் துப்புகிற அந்தக் கரி உப்பு மிட்டாயை நாம் பால் பல்லோடு சப்ப ஆரம்பித்தவர்கள். சொன்ன யோர்மாவுக்கும் தோன்றவில்லை, அவர் சட்டைப்பையிலும் அதே பாக்கெட்தான். அந்த உப்பு தாகத்தைக் கிளப்பியிருக்கிறது, தாகத்துக்குத் தண்ணீர் கூடாதே என்று நான் ஃப்ரீசரிலிருந்து அவுரிநெல்லிப் பழத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் கடித்திருக்கிறேன், பழத்துக்குள் இருப்பது தண்ணீர்தான் என்று யார் நினைத்தார்கள், உள்ளே போன தண்ணீரை உப்பு பிடித்து உட்கார வைத்திருக்கிறது. டாக்டரம்மா வந்து கேட்டுவிட்டு, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன், வேறு வழியில்லை, கையில் ஊசி இருந்தது. உன் அப்பா வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து சவுனாவில் வைத்தார், அன்று சாயங்காலம் என் முதுகைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டார்.

அதற்கப்புறம் எலுமிச்சை மிட்டாய், உப்பில்லாத உருளைக்கிழங்கு, புகையில் வாட்டிய மீனைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம். இரண்டு கிலோவுக்குள் வந்தேன். அடுத்த தடவை இன்னும் குறைவு. மோதிரம் ஏறிவிட்டது. டாக்டரம்மா நிபந்தனைகளை இன்னொரு முறை ஒப்பித்துவிட்டு, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினார். சனிக்கிழமை பெர்த்தியின் தராசில் ஏறி நின்றேன், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இளைத்துப் போனேனே, பீர் குறையுமே என்று ஒரு பெண்டாட்டி வருத்தப்பட்டதை ஊர் பார்த்தது. அவர் முள்ளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கழிக்க ஒன்றுமில்லை. உன் அப்பா என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நன்றாகத்தான் ஓடினார், வைக்கோலைத் தாண்டினார், நான் இருக்கிறேனா என்று தடவியும் பார்த்துக்கொண்டார். தண்ணீர்க் குழியில்தான் முழங்கால் மடங்கியது. இருவரும் சேற்றுத் தண்ணீருக்குள் போனோம். பிளாஸ்டிக் சுற்றிய கை மட்டும் கொடி மாதிரி மேலே நின்றது, வாயை இறுக மூடிக்கொண்டேன். என்னைச் சுற்றி ஊர்க் குளம் முழுவதும் இருந்தது சானா, ஒரு மிடறு உள்ளே விடவில்லை, அது என் அன்றைய கணக்கில் இல்லை. எழுந்தோம், மறுபடி ஏறினேன், கடைசியாக வந்தோம். கரையில் நின்றவர்கள் ஜெயித்தவனுக்குத் தட்டியதைவிட எங்களுக்கு அதிகம் தட்டினார்கள், இதில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், கொஞ்சம்தான். கடைசி ஜோடிக்கு ஆறுதல் பரிசு உண்டல்லவா, பெர்த்தி முகம் சிவந்துபோய் நீட்டினார், பெரிய டப்பா நிறையச் சல்மியாக்கி. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். திங்கட்கிழமை மெஷினுக்குப் போனபோது ஒரு கிலோதான் கூடியிருந்தது. டப்பாவைப் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருக்கிறேன். தினமும் அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன், இதுவரை நான்தான் ஜெயிக்கிறேன்.

ஆகையால் என்னைப் பார்த்துக்கொள்ள நீ வரவேண்டாம். தலையணை தட்டிப் போடவும் தம்ளரை எண்ணவும் என் மகள் எனக்குத் தேவையில்லை, அதற்கு உன் அப்பா போதும். ஆனால் அவருடைய முழங்கால் இனி ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். தூக்குகிறவர் புருஷனாகத்தான் இருக்கவேண்டும் என்று விதியில் இருக்கிறதா என்று பெர்த்தியைக் கேட்டேன், இல்லையாம். அடுத்த ஜூலைக்கு விடுமுறை எடு. அங்கே ஆட்டுப் பண்ணைக்கா பஞ்சம், கொழுத்த ஆடாகப் பார்த்து இப்போதே தூக்கிப் பழகு. நான் உலர் எடையில் வந்து நிற்பேன், நீ கீழே போடாமல் இருந்தால் போதும்.

நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும், உன் முதுகு பலமாக இருக்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்ததும் ஒரு வரி எழுது. பார்சல் அனுப்பினால் எலுமிச்சை மிட்டாய் மட்டும்.

வீக்கம் வடிந்தும் வாய் வடியாத,
உன் அம்மா தூலா