கயிற்றை அறுத்துவிட்டேன்

திண்டிவனம் சர்க்கார் ஆஸ்பத்திரி,
விஷு வருஷம், ஆவணி மாதம்.

பட்டணத்தில் டாக்டருக்குப் படிக்கும் என் மகள் பச்சையம்மாளுக்கு, அம்மா லட்சுமியம்மாள் ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய். மேலே விலாசத்தைப் பார்த்துப் பதறாதே, பரீட்சை நேரம், நிதானமாக முழுசும் படி. உன்னோடு சேர்ந்து சிலேட்டில் பழகிய கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

நீ பிணத்தை அறுத்துப் படிக்கிறாய் என்று தெரிந்ததிலிருந்து ஊர் நம்மைத் தள்ளி வைத்திருப்பது உனக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது, அடுப்புக்கு நெருப்பு கேட்கக் கூடாது, கூலிக்கு ஆள் வராது. நாட்டாண்மையாக உட்கார்ந்து இதைச் சொன்னவர் என் கூடப்பிறந்த அண்ணன், உன் மாமன் தாண்டவராயன். தொலையட்டும் என்று மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கு நடுவே நானே களை கொத்தினேன். களைக்கொத்து பாதத்தில் இறங்கிவிட்டது.

புண் சீழ் வைத்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது. விஷம் மேலே ஏறக் கூடாது என்று, பாம்புக்கடிக்குக் கட்டுகிற மாதிரி முழங்காலுக்குக் கீழே கயிற்றைக் கட்டினேன். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதானே. பாதம் கறுத்தது. இன்னும் இறுக்கினேன், புத்திகெட்டவள்!

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. தவளைக் கால் சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததை எழுதியிருந்தாய். ரத்தத்தோடு ஓடுகிற வெள்ளை அணுக்கள் காயத்துக்குப் பக்கத்தில் வந்ததும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, சின்னச் சந்தில் உடம்பை நெளித்து வெளியே வந்து, கிருமி இருக்கும் பக்கமாக ஊர்ந்து போகின்றனவாம். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கிருமியிலிருந்தும் அடிபட்ட சதையிலிருந்தும் ஏதோ கசிகிறதாம், அது எந்தப் பக்கம் தூக்கலோ அந்தப் பக்கம் திரும்புமாம். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துப் போகிறோமே, அந்த மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன். கிருமியைத் தின்று செத்தவைதான் சீழாம். இத்தனை நாள் சீழைத் திட்டிக்கொண்டிருந்தேனே!

அடி பாவி, அவை வருகிற வழியே ரத்தம்தானே, அதையல்லவா இறுக்கி அடைத்து வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, அரிவாள்மனையை எடுத்து அந்தக் கயிற்றை அறுத்தேன். உயிர் போகிற வலி. கத்திவிட்டேன். யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை.

கூப்பிடாமலே அஞ்சம்மாள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, நம்மோடு பேசினால் தனக்கும் அதே கதிதான் என்று தெரிந்தவள். வாசலில் வந்தால் ஊர் பார்க்கும் என்று வேலிச் சந்தில் நுழைந்து வந்தாள், புடவை முள்ளில் கிழிந்தது. இன்னாக்கா இப்படி நாறிக்கினு கிடக்கிறே, ஜல்தி கிளம்பு என்று அதட்டினாள். அவள் புருஷன் சீனுவாசன் வண்டியைப் பூட்டி, பட்டப்பகலில் ஊர் நடுவே ஓட்டிவந்தார். இப்போது அவர்களையும் தள்ளி வைத்தாயிற்றாம். நல்லதாப் போச்சு, இனி வாசல் வழியாகவே வரலாம் என்று அஞ்சம்மாள் சிரிக்கிறாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். சனிக்கிழமை வரை பார்ப்பாராம். கறுப்பு மேலே ஏறினால் முழங்காலோடு எடுக்க வேண்டுமாம். ஜுரம் இன்னும் விடவில்லை. மறைத்தால் வேறு யாராவது கூட்டிக் குறைத்து எழுதுவார்கள், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

நேற்று உன் மாமன் வாழைப்பழச் சீப்போடு வந்தார். உன்னைப் படிப்பை விட்டு வரவழைத்து, தலைமுழுக வைத்து, தன் மகனுக்குக் கட்டிவைத்தால் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றார். இல்லாவிட்டால் நான் செத்தாலும் தூக்க ஆள் வராது என்றார். உசிரோடு தூக்கிவந்தவங்க செத்தாலும் தூக்குவாங்க, நீங்க பழத்தை எடுத்துக்கினு நடையைக் கட்டுங்க அண்ணே என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பயமாக இருக்கிறது கண்ணு, ஜுரம் ஏறும்போது ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த மனுஷன் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

பெண்ணை எப்படி வரவழைப்பது என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தந்தி அடிப்பார். அம்மாவுக்குச் சீரியஸ் என்று வரும். அதற்கு மேலேயும் வரும். நீ இங்கே வந்துவிட்டால் திரும்ப விடமாட்டார்கள். கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கிறவரைக்கும் எந்தத் தந்தி வந்தாலும் கிழித்துப் போடு. முகம் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நேரே பரீட்சைக்குப் போ. என் தங்கமே, அது மெய்யான தந்தியாகவே இருந்தாலும் போ.

உன்னைப் பெற்றவள்,
லட்சுமியம்மாள்